அட்வான்ஸ் யாருடைய பணம்?

2012 வைகாசி மாதக் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பீரோ, கட்டில், பிரிட்ஜ் எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. கீழ் போர்ஷனில் நான்கு வருடம் குடியிருந்த அண்ணன் என் முன்னால் நின்றார். அவர் மனைவி துளசித் தொட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு கேட் அருகில் நின்றார்.

"அட்வான்ஸ் அம்பதாயிரம்மா" என்றார் அண்ணன். கேட்கவே கூச்சப்பட்டுக் கேட்டார்.

என்னிடம் அந்தப் பணம் இல்லை. 2008-ல் அப்பா வாங்கியது. வாங்கிய கையோடு தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் பேசிவிட்டார். 2011-ல் அப்பா போனபிறகு மூன்று போர்ஷன்களும், சாவிக்கொத்தும், வாடகை நோட்டும் என் கைக்கு வந்தன. அந்த நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரே அட்வான்ஸ் தொகை எழுதியிருந்தது. வரவு மட்டும்தான் இருந்தது, பணம் எங்கேயும் இல்லை.

"புது ஆள் வந்ததும் தந்துடறேன் அண்ணே. அதிகம் போனா ஒரு மாசம்" என்றேன். ஊரில் எல்லா ஹவுஸ் ஓனரும் சொல்வதுதானே என்ற எண்ணம். அவர் எதுவும் பேசவில்லை. வண்டி கிளம்பியது.

ஆனி மாதம் நான்கைந்து பேர் வந்து பார்த்தார்கள், ஒன்றும் அமையவில்லை. ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். ஆவணி முதல் வாரத்தில்தான் புது ஆள் வந்தார். அவர் தந்த அட்வான்ஸை எடுத்துக்கொண்டு பழையவர்களின் புது வீட்டுக்குப் போனேன். பணத்தை எண்ணி வாங்கிய அந்த அக்கா, "நாளைக்கே போய்ச் செயினை மீட்டுடணும்" என்று கணவரிடம் சொன்னார். அப்போதுதான் பார்த்தேன், அவர் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. அந்த வீட்டு அட்வான்ஸ் கட்ட என் பணத்தை நம்பியிருந்தார்கள். நான் தராததால் செயினை அடகு வைத்திருந்தார்கள். மூன்று மாத வட்டியை அவர்கள் கட்டினார்கள். நான் கட்டியிருக்க வேண்டிய வட்டி அது. மறுநாளே போய் அதையும் கொடுத்துவிட்டு வந்தேன், வேண்டாம் வேண்டாம் என்றார்கள், வைத்துவிட்டு வந்தேன்.

பதினாலு வருடம் ஆகப்போகிறது. வீடு வாடகைக்கு விடுவதைப் பற்றி நான் கற்றுக்கொண்டது எல்லாமே அந்த வாசலில் நின்ற வண்டியில் ஆரம்பிக்கிறது. புதிதாக மாடி கட்டி வாடகைக்கு விடப்போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: அட்வான்ஸ் நம் பணம் இல்லை. அதைத் தொடாதீர்கள்.

இது ஏதோ நல்லவராக இருப்பதற்கான புத்திமதி என்று நினைக்க வேண்டாம். சென்னைப் பக்கம் ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் நடக்கும் சண்டைகளில் பெரும்பாதி இந்த ஒரு இடத்தில்தான் முளைக்கிறது. ஓனர் அட்வான்ஸைச் செலவழித்துவிடுகிறார். ஆள் காலி செய்யும்போது கொடுக்கப் பணம் இல்லை. உடனே சுவரில் ஆணி அடித்தாய், கதவில் கீறல், பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை, வாஷ்பேசினில் கறை என்று கணக்கு நீள்கிறது. மனசாட்சிக்கு அது கணக்கு போலவே தோன்றும். கையில் பணம் இருந்தால் அந்த ஆணி ஓட்டைகள் கண்ணிலேயே பட்டிருக்காது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். அந்த அண்ணன் காலி செய்த மறுநாள் நானும் சுவர் சுவராகக் குறை தேடினேன்.

பத்து மாத அட்வான்ஸ் என்ற பழக்கமே பயத்தில் வந்தது. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் ஒருவரைக் காலி செய்ய வைக்க நீதிமன்றம் போனால் வருடக்கணக்கில் இழுக்கும். அந்தப் பயத்துக்கு ஓனர்கள் கண்டுபிடித்த மருந்துதான் பெரிய அட்வான்ஸ். பத்து மாத வாடகை நம் கையில் இருந்தால் ஆள் ஓட மாட்டான் என்ற கணக்கு. சம்பளக்காரக் குடும்பம் ஒன்று ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று புரட்டித் தந்துவிட்டு அதற்கு ஒரு பைசா வட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

பழைய சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது அது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். 'வேறு விதமாக' என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஐந்து, ஆறு, பத்து என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மூன்றுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். டு-லெட் போர்டு மாட்டி ஒரு வாரத்துக்குள் ஆள் வருகிறது. பத்து மாதம் கேட்டபோது, வீடு பிடித்திருந்தும் தொகையைக் கேட்டுத் தயங்கித் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் நல்ல குடித்தனக்காரர்கள் நிறைய இருந்திருப்பார்கள்.

மூன்று மாத அட்வான்ஸையும் நான் செலவுக்கு எடுப்பதில்லை. மூன்று போர்ஷனுக்கும் வங்கியில் மூன்று டெபாசிட், தனித்தனியாக. ரசீதின் பின்னால் பென்சிலில் அவர்கள் பெயர். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பா காலத்தில் இருபது ரூபாய் பத்திரத்தில் பதினோரு மாதத்துக்கு எழுதுவார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த பதினோரு மாதம் அது. அப்புறம் பத்து வருடம் ஆனாலும் யாரும் அந்தப் பத்திரத்தைத் திறந்து பார்க்க மாட்டார்கள். இப்போது எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்தான 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி அவர். அரசு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஒரு பதிவு எண் தருவார்கள். 'எதுக்கு வம்பு, கணக்கில் வந்துடும்' என்று தவிர்க்கிற ஓனர்கள், நாளைக்குத் தகராறு என்று வந்தால் கையில் ஒரு காகிதம் இல்லாமல் நிற்பார்கள்.

வருமான வரிக்குப் பயந்து ரசீது தர மறுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். சொத்து வரி கட்டியது போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. பில் எதுவும் காட்ட வேண்டாம். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், அலுவலகத்தில் வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்பவர் நம் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். அதைத் தர மறுத்து ஒரு குடும்பத்தின் வரிச்சலுகையைக் கெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆள் தேர்ந்தெடுப்பதில் நான் நிறையத் தப்பு செய்திருக்கிறேன். அப்பா 'சைவம் மட்டும்' என்று போர்டில் எழுதுவார். போனில் முதல் கேள்வியே "நீங்க எந்த ஆளுங்க?" என்பதாக இருக்கும். நானும் இரண்டு வருடம் அதையே கேட்டேன். ஒரு நாள் ஒரு பெண், நர்ஸ் வேலை பார்ப்பவர், போனில் என் கேள்வியைக் கேட்டதும் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம் "நீங்க ஆறாவது வீடு மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. சைவம் என்று பார்த்து வைத்தவர்களில் ஒருவர்தான் ஐந்து மாத வாடகை தராமல் போனார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சமையலறையில் என்ன வேகிறது என்பதற்கும் ஐந்தாம் தேதி வாடகை வருவதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இப்போது நான் கேட்பது வேறு. எங்கே வேலை, எத்தனை பேர், இப்போது இருக்கும் வீட்டை ஏன் விடுகிறீர்கள். அப்புறம் இப்போதைய ஓனரிடம் பேசுவதைவிட அதற்கு முந்தைய ஓனரிடம் பேசுவேன். இப்போதைய ஓனர் அவரை அனுப்பத் துடித்துக்கொண்டிருந்தால் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார். முந்தையவருக்கு மறைக்க எதுவும் இல்லை. சம்பளத்தில் வாடகை எவ்வளவு பங்கு என்றும் மனதுக்குள் கணக்குப் போடுவேன். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், "இந்த வாடகை உங்களுக்குச் சிரமமா இருக்கும் தம்பி" என்று நானே சொல்லிவிடுவேன்.

சாவி கொடுக்கும் நாளில் இருவருமாக ஒவ்வொரு அறையாகப் போய்ப் போட்டோ எடுப்போம். ஸ்விட்ச், குழாய், ஜன்னல் கண்ணாடி, மீட்டர் ரீடிங். நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்து. காலி செய்யும் நாளில் அதே நோட்டை வைத்துக்கொண்டு அதே வரிசையில் நடப்போம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அப்பா காலத்தில் மூன்று போர்ஷனுக்கும் ஒரே இணைப்பு, உள்ளே சப்-மீட்டர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாம் வைத்ததுதான் விலை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மூன்று குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் அந்த இலவசம் ஒன்றுதான், அதோடு மொத்த யூனிட் ஏறி எல்லோருக்கும் விலை கூடும். நான் மூன்றுக்கும் தனித்தனி இணைப்பு வாங்கினேன். அலைச்சல்தான், செலவும்தான். ஆனால் கரன்ட் பில் என்ற பேச்சே எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. அவரவர் பில், அவரவர் போனில் கட்டிக்கொள்கிறார்கள்.

இனி ரிப்பேர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2015 நவம்பர். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மாடி போர்ஷனில் ஒரு தையல்காரத் தம்பி, மனைவி, கைக்குழந்தை. மோட்டார் விஷயமாக ஏதோ சொல்லப் போனவள் கதவு திறந்திருக்க உள்ளே பார்த்தேன். கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். சுவர் மூலையில் ஒரு பக்கெட், அதில் முக்கால் தண்ணீர். சொட்டு விழும்போது தெறிக்காமல் இருக்க உள்ளே ஒரு பழைய துணியைப் போட்டிருந்தார்கள். சுவரில் ஓதம் ஏறி, பூச்சு உப்பிப் பெயர்ந்து, சீலிங்கில் ஒரு இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அதற்கு நேர் கீழே முன்பு தொட்டில் தொங்கியிருக்கிறது. கொக்கி இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு வாரம் ஆச்சுக்கா."

"ஏன் சொல்லல?"

தம்பி மனைவியைப் பார்த்தார். அவர்தான் பதில் சொன்னார். "ரிப்பேர் பண்ணா வாடகை ஏத்துவீங்களோன்னு..."

மழை நாளில் தார்ப்பாய் போடுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது. அவர்களைக் கீழே எங்கள் ஹாலில் படுக்கச் சொன்னேன். டிசம்பர் முதல் தேதி கொட்டிய மழையில் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முங்கியது, நம் வீடு கொஞ்சம் மேடு என்பதால் தப்பியது. ஆனாலும் அந்தப் பதினைந்து நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. சீலிங் பூச்சு ஒரு பாளமாக விழுந்திருந்தால்?

சித்திரையில் கொத்தனாரை வரவழைத்தேன். மொட்டை மாடியில் முட்டி போட்டு உட்கார்ந்து தட்டோடுகளை விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். நன்றாகப் பிடித்திருக்கும் ஓடு கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். அடியில் விட்டுப்போன ஓடு 'டொப்' என்று வெற்றுச் சத்தம் கொடுக்கும். அப்படிப் பதினேழு ஓடுகள். பெயர்த்துப் பார்த்தால் அடியில் ஈரமாக மண் போல உதிர்ந்தது. தண்ணீர் போகும் மூலையில் வாட்டம் சரியில்லை, பல நாள் அங்கே தேங்கி நின்றிருக்கிறது. வாட்டம் சரிசெய்து, புது ஓடு பதித்து, சந்துகளை அடைத்து, கீழே துருக்கம்பியைச் சுரண்டிப் பூச்சு பூசி முடிக்க ஒன்பது நாள். அப்போதிருந்து வருடா வருடம் சித்திரையில் மாடி ஓடு தட்டிப் பார்ப்பதை நானே செய்கிறேன். ஐப்பசியில் கொத்தனார் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் ஈரச் சுவரில் எதுவும் ஒட்டாது.

அந்தப் பெண் சொன்ன பதில்தான் எனக்கு முக்கியம். ஒழுகும் கூரையைவிட அது மோசமான ரிப்பேர். குடியிருப்பவர் பயந்து குறையைச் சொல்லாமல் இருந்தால் கெடுவது நம் வீடுதான். சின்ன ஒழுக்கு பெரிய ஒழுக்காகும் வரை நமக்குத் தெரியவே தெரியாது. அதனால் இப்போது வீடு காட்டும்போதே சொல்லிவிடுகிறேன்: "என்ன ரிப்பேர்னாலும் அன்னிக்கே சொல்லுங்க. சொன்னதுக்காக வாடகை ஏறாது." யார் எதைச் செய்வது என்பதில் சட்டத்தின் அட்டவணையே தெளிவாக இருக்கிறது. கட்டடம், வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய்ப் பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர். குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, அடைப்பு எடுப்பது குடியிருப்பவர். அதை ஒரு தாளில் தமிழில் எழுதி ஒப்பந்தத்தோடு வைத்துக் கொடுக்கிறேன். வாஷர் விஷயத்தில் மட்டும் நான் கறார் பார்ப்பதில்லை. சொட்டும் குழாய் என் போரில் இருந்துதானே சொட்டுகிறது.

வாடகை ஏற்றுவது பற்றி அக்கம்பக்கத்து ஓனர்களுக்கும் எனக்கும் எப்போதும் ஒத்துப்போகாது. எதிர் வீட்டில் இவ்வளவு வாங்குகிறார்கள் என்று ஒரே தாவாகத் தாவுவார்கள். நான் வருடத்துக்கு ஐந்து சதவீதம், ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவேன். 2022-ல் சொத்து வரியும் மின்கட்டணமும் சேர்ந்து உயர்ந்த வருடம்கூட அதை மீறவில்லை. கணக்கு சொல்கிறேன். பன்னிரண்டாயிரம் வாடகை. திடீரென்று ஆயிரத்தைந்நூறு ஏற்றினால் வருடத்துக்குப் பதினெட்டாயிரம் கூடுதல். அது பிடிக்காமல் அவர்கள் காலி செய்து, நடுவில் ஆடியோ மார்கழியோ வந்து, இரண்டு மாதம் வீடு சும்மா கிடந்தால் இருபத்துநாலாயிரம் போச்சு. பெயின்ட் செலவு தனி. வரப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரியாது. ஒழுங்காக வாடகை தந்து, வீட்டைச் சொந்த வீடு போலப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கும் ஒரு குடும்பம் ஆறு வருடம் இருந்தால் அதைவிடப் பெரிய லாபம் இந்தத் தொழிலில் இல்லை.

வாடகை தராமல் போனவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. முதல் மாதம் "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்றார். விட்டேன். இரண்டாவது மாதமும் அதேதான். கேட்கச் சங்கடப்பட்டுச் சங்கடப்பட்டு ஐந்து மாதம் ஓடியது. உறவினர் ஒருவர் தண்ணீரை நிறுத்து, கரன்ட்டைப் பிடுங்கு என்றார். அது சட்டப்படியும் தவறு, அந்த வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். உட்கார்ந்து பேசி, பாக்கியை அட்வான்ஸில் கழித்து, மீதியைக் கையில் கொடுத்து அனுப்பினேன். என் தப்பு பேசாமல் இருந்ததுதான். இப்போது ஐந்தாம் தேதி தாண்டினால் பத்தாம் தேதி நேரில் போய்க் கேட்டுவிடுகிறேன், "ஏதாவது கஷ்டமா?" என்று. இரண்டு மாதப் பாக்கி விழுந்தால் காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றத்துக்குப் போகச் சட்டம் வழி தருகிறது. அந்த இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது பத்தாம் தேதிப் பேச்சுதான்.

உண்மையான கஷ்டம் என்றால் வேறு. 2020 ஊரடங்கு வந்தபோது தையல்காரத் தம்பிக்கு ஒரே நாளில் வேலை நின்றது. தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக்கூடாது என்று மார்ச் 29-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. ஒரு மாதத்தில் எதுவும் சரியாகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதம் நான் வாங்கவில்லை. மற்ற இரண்டு போர்ஷன் வாடகையும் வந்துகொண்டிருந்ததால் என்னால் முடிந்தது. வங்கிக் கடன் தவணை தலைக்கு மேல் இருந்த ஓனர்களால் முடிந்திருக்காது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தம்பி முகக்கவசம் தைக்க ஆரம்பித்தார். ஆடி போய் ஆவணியில் பாதி வாடகை, தீபாவளிக்கு முழு வாடகை. பழைய மூன்று மாதத்தை நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் அவரே கொஞ்சம் கொஞ்சமாகக் கூகுள் பேயில் போட்டு முடித்துவிட்டார்.

ஒன்று விட்டுப்போயிற்று. என்னிடம் எல்லா போர்ஷனுக்கும் மாற்றுச் சாவி இருக்கிறது. ஒரு தடவைகூட ஆள் இல்லாதபோது அதைப் பயன்படுத்தியதில்லை. உள்ளே போக வேண்டியிருந்தால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும், 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் என்கிறது சட்டம். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுகிறேன். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், மாடிக் கொடியில் யார் துணி காய்கிறது என்பதெல்லாம் என் வேலை இல்லை. சுவர் என்னுடையது, வீடு அவர்களுடையது.

அந்தத் தம்பி இப்போது கூடுவாஞ்சேரிப் பக்கம் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டியிருக்கிறார். வரும் ஞாயிறு காலி செய்கிறார். டெபாசிட்டை நேற்றே முடித்துப் பணத்தைக் கணக்கில் போட்டாகிவிட்டது. செக் எழுதி வாடகை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன், தேதி மட்டும் போடவில்லை. குட்டியானை எத்தனை மணிக்கு வருகிறது என்று சாயங்காலம் மாடிக்குப் போய்க் கேட்க வேண்டும்.